மழைக்கு முன் முடிந்த வேலை

அயனம்பாக்கம்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெகதீஷ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரை நீ ப்ளாக் செய்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஸ்வாதி போனிலிருந்து கூப்பிட்டால் அவளிடம் நன்றாகத்தான் பேசுகிறாய், நான் வாங்கியதும் வைத்துவிடுகிறாய். நேரில் வந்துவிடலாம் என்று போன வாரம் ரயிலேறி ஆவடி வரைக்கும் வந்தேன். வேப்பம்பட்டில் நீ கதவைத் திறந்து முகத்தில் அடித்தாற்போல ஏதாவது சொல்வாய் என்று நினைத்ததுமே தைரியம் போய்விட்டது, இறங்கித் திரும்பிவிட்டேன். தபாலில் எழுதினால் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்காக இந்தக் கடிதம்.

பொங்கல் எப்படிப் போனது? இங்கே நானும் ஸ்வாதியும் குழந்தையுமாகக் குக்கரில் வைத்து, பால்கனியில் நின்று ஏரியைப் பார்த்துக் கும்பிட்டோம். பிரியா யூகேஜி போகிறாள். உன் சாயல் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இருக்கும் கம்பெனியில் எங்கள் பிரிவையே மூடப் போகிறார்கள். மஸ்கட்டில் ஒரு வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ஒரே நிபந்தனை, பி.எம்.பி. என்கிற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் என் கையில் இருக்க வேண்டும். ஏப்ரலுக்குள் வாங்கிவிட வேண்டும். சனி ஞாயிறு அம்பத்தூரில் வகுப்புக்குப் போகிறேன், மற்ற நாள் காலையில் ஏரிக்கரையில் நடந்துகொண்டே காதில் பாடம் கேட்கிறேன். விசித்திரமான தேர்வு அக்கா. வேலையில் ஒரு சிக்கல் வருகிறது, மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். கீழே நான்கு பதில், நான்கும் நல்ல பதிலாகவே இருக்கும். முப்பத்தெட்டு வயதில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்வு எழுதுவதற்கே மூன்று வருஷம் வேலைகளுக்குத் தலைமை தாங்கிய அனுபவம் வேண்டும். பூந்தமல்லி கிடங்கு வேலையைச் சேர்த்தால்தான் எனக்கு அது நிறைகிறது. சேர்த்து எழுதி அனுப்பினேன். வருகிற விண்ணப்பங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துத் தோண்டிப் பார்ப்பார்களாம், என் போதாத காலம் என்னுடையது மாட்டிக்கொண்டது. அந்த வேலையில் கூட இருந்த ஒருவர், ஆமாம் இவன்தான் தலைமை தாங்கினான் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முதலாளி குணசேகரன் சார் இறந்துவிட்டார், கம்பெனியையும் மூடிவிட்டார்கள். சைட் சூப்பர்வைசர் என்று இருந்தவர் உன் வீட்டுக்காரர், மாமா ஒருவர்தான். வேறு யாருமே இல்லை.

அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே உனக்கு எரியும் என்று தெரியும். ஆனால் கேட்பது ஒரு கையெழுத்து. காகிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் மாமா போட்டால் போதும். என் பிழைப்பு இதில் இருக்கிறது.

உன் தம்பி,
ஜெகதீஷ்


வேப்பம்பட்டு,
28 ஜனவரி 2025

ஜெகதீஷுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன், அதற்குள் உன் மாமா பார்த்துவிட்டார்.

தலைமை தாங்கினாயா? போன வருஷம் பூந்தமல்லி கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று நீ சொன்னது எனக்கு மனப்பாடம். "நான் வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவேன். தினசரி வேலையை லோகநாதன்தான் பார்த்தார். யாரை எப்போது கூரை மேல் ஏற்றுவது என்பது அவர் முடிவு." ஒரு மூச்சில் சொன்னாய், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தாய். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் பூங்காவனம். அவள் புருஷனைச் சாகடித்தவர் என் புருஷன் என்று என் தம்பி சொல்ல, இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம்.

அந்த வாய்தான் இப்போது தலைமை தாங்கினேன் என்கிறது. எதை நம்புவது? கோர்ட்டுக்கு ஒரு ஜெகதீஷ், மஸ்கட்டுக்கு ஒரு ஜெகதீஷா?

உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். பூங்காவனம் புருஷன் வேம்புலி மழைத் தூறலில் கூரை மேல் நின்று ஷீட் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்காக நடுவில் போடுகிற ஃபைபர் ஷீட்டில் கால் வைத்தார், அது உடைந்து கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தார். இடுப்பில் பெல்ட் இருந்தது, அதை மாட்டக் கயிறு கட்டியிருக்கவில்லை. கீழே வலையும் இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு வாய்தாவிலும் யாராவது ஒருவர் இதைப் படிப்பார்கள். பூங்காவனம் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவள் மாதிரி கேட்பாள்.

உன் மாமாவை எந்த சைட்டிலும் சேர்ப்பதில்லை. இங்கே ரயில்வே கேட் பக்கம் தண்ணீர் கேன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். மொட்டை மாடியில் காய்கிற துணியை எடுக்கக்கூட ஏற மாட்டார். இன்னொன்று, அவர் இப்போது எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட முழுக்கப் படிப்பார், கொண்டு வந்தவர் தலையில் அடித்துக்கொள்வார். காரணம் உனக்குத் தெரியும். அன்றைக்கு வேலை அனுமதிச் சீட்டில் கையெழுத்து அவருடையது. ஏற்றச் சொன்ன போன் உன்னுடையது. போன் பேசியதற்கு ஏது சாட்சி?

நான் உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புவதாகத்தான் இருந்தேன். அவர்தான், "ஜெகா எழுதிகீறானா? இன்னா வோணுமாம்?" என்றார். சொன்னேன். சோற்றுத் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, "படிக்கிற புள்ள. அவன் இன்னா எழுதிகீறான்னு தமிழ்ல எழுதச் சொல்லு. சரியா இருந்தா போட்டுத் தரேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சோற்றுத் தட்டை எடுத்துக் கொட்டியிருப்பேன்.

அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பது இங்கிலீஷில் இருக்கிறது. நீ என்ன எழுதி அனுப்பினாயோ அதை அப்படியே தமிழில் எழுது. மழுப்பாதே.

எழிலரசி


அயனம்பாக்கம்,
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஸ்வாதிக்குக் காட்டவில்லை. மாமாவுக்கு என் நன்றியைச் சொல். அவர் மனசு எனக்குத் தெரியும். உன் மனசும் தெரியும், நீ வாயால் சுடுவாய், அவ்வளவுதான்.

கோர்ட்டில் சொன்னதைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். போலீஸ் வந்த அன்றைக்கே குணசேகரன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சீட்டில் பேர் இருக்கிறவர் ஒருத்தர் போதும், நீயும் ஏன் போய் விழுகிறாய்" என்றார். பிரியாவுக்கு அப்போது இரண்டு வயது. இரண்டு பேரும் மாட்டினால் நம் இரண்டு குடும்பமும் தெருவில் நிற்கும், ஒருவராவது வெளியே இருந்தால் மற்றவரைத் தாங்கலாம் என்று நினைத்தேன். தாங்கினேனா என்று கேட்பாய். நீ கிட்டே சேர்க்கவில்லை.

போகட்டும். மாமா கேட்டது போல வரிக்கு வரி எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே புரிந்துகொள். எங்களுக்கு வகுப்பு எடுக்கும் ரவிச்சந்திரன் சார், விண்ணப்பத்தில் 'நாங்கள்' என்று எழுதவே கூடாது என்பார். 'நாங்கள்' என்று எழுதினால் இவன் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன் என்று தள்ளிவிடுவார்களாம். எல்லாமே 'நான்' என்றுதான் இருக்க வேண்டும். அதனால் தற்பெருமை போலத் தெரியும். அது அந்தப் பரீட்சையின் பாஷை. இதுதான் நான் எழுதியது:

"பூந்தமல்லி அருகே தொழிற்கிடங்கு ஒன்றின் கட்டுமானத் திட்டத்துக்கு நான் தலைமை தாங்கினேன். வேலை நேரத்தையும் ஆட்களையும் நான் திட்டமிட்டேன். தினமும் தளப் பொறுப்பாளருக்கு நான் உத்தரவுகள் கொடுத்தேன். வடகிழக்குப் பருவமழை முன்கூட்டியே வரும் என்ற ஆபத்தை நான் கண்டறிந்தேன். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று இருந்த வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும்படி நான் மாற்றி அமைத்தேன். பாதுகாப்புக் கயிறும் வலையும் கட்டும் வேலை நடக்கும்போதே கூரை வேலையையும் தொடங்க நான் முடிவெடுத்தேன். இதனால் மழைக்கு முன்பே கூரை முடிந்தது. எந்த விபத்தும் இன்றி, குறித்த நாளுக்கு முன்னதாகவே திட்டத்தை முடித்துக் கொடுத்தேன்."

அவ்வளவுதான். பார், மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக இல்லை. இப்படி வேலைகளைச் சேர்த்துச் செய்வதைப் பாடத்தில் ஒரு தனி உத்தியாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். சார் வகுப்பில் என்னுடையதை வாசித்துக் காட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார்.

மாதிரித் தேர்வுகளில் இப்போது நன்றாகவே வாங்குகிறேன். நேர்மை, பொறுப்பு பற்றிய பகுதியில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. சிரிக்காதே.

காகிதத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்.

ஜெகதீஷ்


வேப்பம்பட்டு,
16 பிப்ரவரி 2025

ஜெகதீஷுக்கு,

சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி நீ எதுவும் எழுதவில்லை.

உன் கடிதம் வந்தபோது அவர் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். கயிறும் வலையும் கட்டும்போதே கூரையைத் தொடங்க நான் முடிவெடுத்தேன் என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். இதைத்தானே நாங்கள் இவ்வளவு நாளாகத் தேடினோம்? யார் சொன்னது, யார் முடிவு என்று போலீசில் கேட்டு, கோர்ட்டில் கேட்டு, உன்னைக் கேட்டு, எல்லாரும் கையை விரித்தார்கள். நீயே உன் கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். சாதனை என்று.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். முடித்ததும், "கரீக்டாதான் எழுதிகீறான்" என்றார். "அவன்தான எல்லாத்தையும் பாத்தான். நான் அவன் சொன்னத்த செஞ்சேன். ஒண்ணுதான் தப்பா கீது."

"என்ன?" என்றேன்.

"விபத்தே இல்லன்னு போட்டுகீறான் பாரு. விபத்தே இல்லன்னா நான் இன்னாத்துக்கு கோர்ட்டுக்குப் போய்கினு கீறேன்?"

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரியை மாற்றினால் கையெழுத்துப் போடுவார். அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை வாய்தாவுக்குப் போனபோது உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நம் வக்கீல் சித்ராவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார், "இதைக் கசக்காமல் வைத்திருங்கள்" என்றார். உன்னைச் சிக்க வைக்கத்தான் தமிழில் எழுதச் சொன்னேன் என்று நினைப்பாய். சத்தியமாக இல்லை. அவர் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார், அதனால் கேட்டேன். ஆனால் சித்ரா அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி என்று பார்க்காமல் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்காவனம், "இன்னா காயிதம்க்கா?" என்றாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. அவளுக்கும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். கத்துவாள், உன்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "எங்க ஊட்டுக்காரர் பேரு அதுல எங்கியாச்சும் கீதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

ஜெகா, 26ஆம் தேதி உன் மாமாவைக் கூண்டில் நிறுத்தி நீதிபதி கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு தீர்ப்புதான், உள்ளே போனாலும் போவார். அன்றைக்கு நீ வா. நான்தான் சொன்னேன், போனில் ஏற்றச் சொன்னவன் நான் என்று நீயே வந்து சொல். வந்தால் இந்தக் கடிதத்தை யாரும் கோர்ட்டில் கொடுக்க வேண்டியதில்லை, உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மாமா இதைக் கொடுக்கவே சம்மதிக்கவில்லை. "மச்சானை மாட்டிவுட்டுட்டு நான் வெளியே வரணுமா?" என்கிறார். அவர் வேண்டாம் என்பதால் நான் சும்மா இருந்துவிடுவேன் என்று எண்ணாதே.

ஒரு தரம் வா. எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

எழிலரசி


அயனம்பாக்கம்,
20 பிப்ரவரி 2025

அக்கா,

அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. உடனே. இந்த உறைக்குள் விலாசம் எழுதிய வேறொரு உறை வைத்திருக்கிறேன், உள்ளே போட்டு ஒட்டினால் போதும்.

நீ எனக்கு அக்காவா, அந்தப் பூங்காவனத்துக்கு அக்காவா? உன்னை நம்பி எழுதியதை ஊரான் வீட்டுப் பெண்ணுக்குக் கோர்ட் வராந்தாவில் படித்துக் காட்டுவாயா? சித்ரா வக்கீலுக்கு வேலை இல்லை, உனக்குமா புத்தி இல்லை?

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கேள். அந்த வரியை மாற்ற முடியாது. விண்ணப்பம் போய்விட்டது, இனி ஒரு எழுத்தைத் தொட முடியாது. எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் பொய் விண்ணப்பம் என்று தள்ளுவார்கள். பிறகு நான் அந்தப் பரீட்சை பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்கள் அக்கா. எந்த விபத்தும் இன்றி என்பது ஒரு சம்பிரதாயம், கடிதத்தில் நலம் என்று எழுதுவதில்லையா, அந்த மாதிரி. எழுதும்போது எனக்கு வேம்புலி ஞாபகமே வரவில்லை. அதுதான் உண்மை. நம்பினால் நம்பு.

26ஆம் தேதி வரச் சொல்கிறாய். வந்து சொன்னால் அன்றைக்கே நானும் குற்றவாளி. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மஸ்கட் போகும், இங்கே இருக்கிற வேலையும் போகும். மாமாவுக்கு என்ன, வக்கீலைக் கேட்டுவிட்டேன், முதல் தடவை என்பதால் அபராதத்தோடு விட்டாலும் விடுவார்களாம். அவர் இனி எந்த சைட்டுக்கும் போகப் போவதில்லை. எனக்கு இன்னும் இருபது வருஷம் ஓட வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது உனக்கு அசிங்கமாக இருக்கும். யாராவது போட்டுத்தானே ஆக வேண்டும்?

நான் போனில் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. மழை வரப் போகிறது, குணசேகரன் சார் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஏற்றுங்கள் என்று சொன்னேன். ஆனால் கயிறு கட்டவில்லை என்று மாமா எனக்குச் சொன்னாரா? சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனா? அதை அவரைக் கேள். முதலில் அதைக் கேள்.

நேற்று அம்பத்தூரில் தனியாக வைத்த மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. தளத்தில் ஒரு ஆபத்து இருப்பதாகக் கீழே வேலை பார்ப்பவர் சொல்கிறார், மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்? என்னால் விடையைக் குறிக்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். நீ நினைக்கிற மாதிரி கல் இல்லை நான்.

கடிதத்தை அனுப்பு. மாமாவைக் கையெழுத்து மட்டும் போடச் சொல், வேறெதையும் எழுத வேண்டாம். உன் காலில் விழுகிறேன்.

ஜெகதீஷ்


வேப்பம்பட்டு,
2 மார்ச் 2025

ஜெகதீஷுக்கு,

நீ வரவில்லை. வருவாய் என்று நினைத்து கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டவர் யார் உள்ளே நுழைந்தாலும் எழுந்து நின்றேன். சித்ரா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கயிறு கட்டவில்லை என்று தம்பியிடம் போனில் சொன்னீர்களா என்று வாய்தாவுக்கு முந்தின நாளே இவரைக் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் கூண்டில்தான் பதில் சொன்னார், நீதிபதிக்கு.

என்ன கேட்டாலும் 'பொய், எனக்குத் தெரியாது' என்று சொல்லும்படி சித்ரா பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். முதல் இரண்டு கேள்விக்கும் அப்படியே சொன்னார். பாதுகாப்புக் கயிறு இல்லாத கூரை மேல் வேம்புலியை ஏற்றியது நீங்கள்தான் என்று சாட்சிகள் சொல்கிறார்களே, என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேசினார்.

"நான்தாங்கய்யா ஏறச் சொன்னேன். ஜெகதீசு போன்ல, மழை வருது ஏத்துன்னான். கயிறு இன்னும் கட்டலப்பான்னேன். 'பாத்துக்கோ மாமா'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டான். நான் இன்னா பண்ணேன், வேம்புலியாண்ட போயி, கயிறு கட்டல, பாத்துக்கோன்னேன். அவரு ஏறிட்டாரு. அவன் என் தலைல போட்டான், நான் அவரு தலைல போட்டேன். அவருக்குக் கீழ யாரும் இல்லீங்க."

தட்டச்சு செய்கிற பெண் கையை எடுத்துவிட்டு இவரைப் பார்த்தாள். நீதிபதி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். சித்ராவுக்கு முகம் செத்துப் போய்விட்டது, கட்டி வைத்த வழக்கை இவரே இடித்துவிட்டாரே. இவ்வளவு நாளும் இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள் நான். உன்னையும் அப்படியே தள்ளி வைத்தேன். இவர் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை.

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டோம். இவர் சம்மதத்தோடுதான். "அவன் பங்கு அவன் எழுதிகீறான், என் பங்கு நான் சொல்லிட்டேன், ரெண்டையும் வெச்சுக்கட்டும்" என்றார். தீர்ப்பு அடுத்த மாதம். சிறைக்குப் போவது கிட்டத்தட்ட நிச்சயம் என்று சித்ரா சொல்கிறார். உனக்கும் சம்மன் வரும் என்கிறார்.

நீ கேட்ட காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீ தலைமை தாங்கினாய் என்பது உண்மை என்றுதான் போட்டிருக்கிறார். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் வேம்புலி இறந்தார் என்று தமிழில் எழுதியிருக்கிறார். அதை அனுப்புவதும் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம். நான் சொல்ல ஒன்றுமில்லை.

இதை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வெளியே வந்தபோது பூங்காவனம் இவர் எதிரில் வந்து நின்றாள். இத்தனை வாய்தாவில் ஒரு நாளும் இவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ பாத்துக்கோன்னு சொன்னப்ப அவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"சரி அண்ணாத்தேன்னாரு" என்றார்.

"சிரிச்சிகினா?"

"ஆமாம்மா. சிரிச்சிகினுதான்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருக்குப் பேச்சு இல்லை, கடைசியாக யாரிடம் என்ன பேசினார் என்று கேட்க ஆளே இல்லை, ஏறச் சொன்னதாக யாருமே ஒத்துக்கொள்ளவில்லையே என்று என்னிடம் சொன்னாள். அதற்காகத்தான் ஒரு வாய்தாகூட விடாமல் வந்தாளாம். தண்டனை கிடைக்கிறதா என்று பார்க்க வருகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு ஆவடி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். தீர்ப்புக்கு வர மாட்டாளாம்.

இனி எனக்கு எழுதாதே, ஜெகா. சம்மன் வந்தால் வா.

எழிலரசி